வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? 1,000 ரூபாய்க்குள் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல் | சனி, 10 ஜனவரி 2026, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். எட்டு முதல் பத்து வரை, கணக்கும் அறிவியலும். வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. 2016-இல் பெட்டியோடு வாங்கிய கம்பெனி செட், விண்டோஸ் 10. போன வருஷம் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்து, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டு வாங்கி வந்தோம். அதற்குப் பிறகு வேகத்துக்குக் குறையில்லை.

இரண்டு வாரமாக ஒரு தொந்தரவு. திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. உங்கள் கணினியில் 5 வைரஸ் இருக்கிறது, பாதுகாப்பு இன்றோடு முடிகிறது, உடனே புதுப்பியுங்கள் என்று இங்கிலீஷில் வருகிறது. பிரபலமான ஒரு ஆன்டிவைரஸின் சின்னமும் இருக்கிறது. அதை நாங்கள் வாங்கியதே இல்லை. மூடினால் பத்து நிமிஷத்தில் இன்னொன்று. நேற்று வினாத்தாள் அடித்து முடிப்பதற்குள் பதினேழு முறை மூடினேன்.

கடைக்குப் போன் செய்தால், "ஆன்டிவைரஸ் போடலைல்ல மேடம், அதான். 850 ரூபாய், வந்து போட்டுத் தர்றோம்" என்றார்கள். கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவர் அனுப்பும் பணத்தை இதில்தான் நெட் பேங்கிங்கில் பார்க்கிறேன். பையனின் மொட்டை, காதுகுத்து, மாமனாரின் கடைசிப் படங்கள் எல்லாம் இதற்குள்ளேதான். எதை வாங்கினால் நல்லது?


வடபழனிவாசி | சனி, காலை 10.52

மேடம், யோசிக்காமல் கே7 வாங்குங்கள். 1991-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. ஜப்பான் வரை போய் விற்கிறார்கள். நான் ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. புனேக்காரர்களின் குவிக் ஹீலும் நல்லதுதான். ஒரு கணினி, ஒரு வருஷம் என்றால் உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கிவிடும். பணம் கொடுக்காமல் வாங்கும் பாதுகாப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.


பழையபதிப்பு | சனி, காலை 11.30

அம்மா, நான் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். 2003-இல் வீட்டுக்கு டயல்-அப் இணைப்பு வாங்கிய நாளிலிருந்து இந்தப் போராட்டத்தைப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்பைவேர் என்ற உளவு மென்பொருளைத் தேடும் ஆட்-அவேர் ஓடும், முடிந்ததும் அதே வேலைக்கு ஸ்பைபாட் ஓடும். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். ஸ்பைபாட்டை பேட்ரிக் கொல்லா என்ற ஜெர்மானியர் எழுதி இலவசமாகவே கொடுத்தார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு வையுங்கள்.


நெல்லைச்சாரல் | சனி, மதியம் 1.05

அக்கா, இப்போதைக்கு யாருக்கும் பணம் கட்டாதீங்க. நான் திருநெல்வேலியில 14 வருஷமா கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன். காய்ச்சல்னு வந்தவங்களுக்குக் கையைப் பிடிச்சுப் பார்க்காம மாத்திரை எழுதிக் கொடுக்கக் கூடாது. மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

முதல்ல அந்தச் சிவப்புப் பெட்டி. அடுத்த தடவை வரும்போது மூடாம, அதுல பொடி எழுத்துல என்ன இருக்குன்னு படிங்க. உங்க பிரவுசர் பேரும், கூடவே ஒரு வெப்சைட் முகவரியும் இருந்தா அது வைரஸே இல்லை. எப்பவோ ஒரு சைட் "அலோ" கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருப்பீங்க. அது நோட்டிஃபிகேஷன் வழியா அனுப்புற விளம்பரம். பிரவுசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்த சைட்டை நீக்கினா அந்த நிமிஷமே நின்னுடும். இதுக்குப் போய் 850 ரூபாய் கட்டினவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

ரெண்டாவது, செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கம் திறந்து விண்டோஸ் 10 ஹோமா, புரோவான்னு பாருங்க.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்ஷன், அதுல மேனேஜ் செட்டிங்ஸ், கீழே கடைசி வரைக்கும் போங்க. எக்ஸ்க்ளூஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும். அனுமதி கேட்டா எஸ் கொடுங்க. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு அப்படியே இங்கே போடுங்க.

பழையபதிப்பு ஐயா, மன்னிக்கணும். நீங்க சொன்ன காலத்துல அந்த ரெண்டும் நாம கூப்பிட்டா மட்டும் வந்து தேடிட்டுப் போற கருவிகள், அதனால ஒண்ணோட ஒண்ணு மோதலை. இன்னைய ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலும் திறக்கும்போது நடுவுல நின்னு பார்க்குது. ரெண்டு இருந்தா ஒரே ஃபைலை ரெண்டும் பிடிச்சு இழுக்கும், சிஸ்டம் தவழும்.


மல்லிகைப்பந்தல் | சனி, மாலை 4.40

தம்பி, நீங்கள் சொன்னது சரி. பெட்டியின் மேலேயே பிரவுசரின் பெயர் இருந்தது, கீழே வாயில் நுழையாத ஒரு முகவரி. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் அந்த மாதிரி ஒன்பது சைட் இருந்தன. எல்லாவற்றையும் நீக்கினேன். இரண்டு மணி நேரமாக ஒரு பெட்டியும் வரவில்லை. மனசு லேசாகிவிட்டது.

ஆக்டிவேஷனில் விண்டோஸ் 10 புரோ என்று இருக்கிறது. வாங்கும்போது ஹோம் என்றுதான் சொன்னார்கள், பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது.

எக்ஸ்க்ளூஷன்ஸில் ஒரே வரிதான். சி என்ற எழுத்து, இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு. வேறு எதுவும் இல்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் எல்லாம் பச்சை டிக் காட்டுகிறது, அதனால் சரிதானே?


நெல்லைச்சாரல் | சனி, மாலை 5.15

சரியில்லை அக்கா. அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னா, சி டிரைவ்ல எதையும் பார்க்காதேன்னு டிஃபெண்டருக்கு யாரோ உத்தரவு போட்டிருக்காங்க. உங்க விண்டோஸ் இருக்கறதும் சி டிரைவ், டவுன்லோடு வந்து விழறதும் சி டிரைவ். வாசல்ல நாய் படுத்திருக்கு, ஆனா வாயைக் கட்டிப் போட்டிருக்கு. வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு நாய் இருக்குன்னுதான் தெரியும். பச்சை டிக் அதைத்தான் காட்டுது.

எப்படி வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியும். எஸ்எஸ்டி மாத்தினப்போ கடையில தங்கள் கையில இருந்த பென்டிரைவ்ல இருந்து புரோவைப் போட்டு, ஆக்டிவேட்டர் ஓட்டியிருக்காங்க. காசு கட்டாத விண்டோஸை அசல் மாதிரி காட்டற கள்ளக் கருவி அது. ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் விடாது, உடனே தூக்கிடும். அதனால முதல் வேலையா டிஃபெண்டர் கண்ணைக் கட்டிட்டுத்தான் அதை ஓட்டுவாங்க. வேலை முடிஞ்சதும் திரும்பத் திறந்து வைக்கற பொறுமை யாருக்கும் கிடையாது. எங்க தொழில்ல இது சர்வசாதாரணமா நடக்குது, அதைச் சொல்ல எனக்கே வருத்தமா இருக்கு.

இதுல வேதனை என்னன்னா, 2016-ல விண்டோஸ் 10-ஓட வந்த கம்பெனி செட்னா அதோட சாவி, அதாவது லைசென்ஸ் நம்பர், மதர்போர்டுலயே எழுதியிருக்கும். டிஸ்க்கை மாத்தினாலும் சாவி போகாது. ஹோமைப் போட்டிருந்தா நெட்ல இணைஞ்சதும் தானா ஆக்டிவேட் ஆகியிருக்கும். உங்க கையிலேயே இருந்த சொத்தை விட்டுட்டுத் திருட்டுச் சரக்கைப் போட்டிருக்காங்க.


அகழி | சனி, இரவு 8.10

நான் கோவையில் ஒரு பாதுகாப்புக் குழுவில் வேலை பார்க்கிறேன். இரவெல்லாம் இந்த மாதிரி எச்சரிக்கைகளைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. நெல்லைச்சாரல் சொன்னதற்கு மேல் ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும். அக்கா, டிஃபெண்டர் கண் கட்டியிருந்த இந்த ஒரு வருஷத்தில் அந்தக் கணினியில் வேறு ஏதாவது கிராக் (காசு கட்டாமல் ஓட்டப் பூட்டை உடைத்த மென்பொருள்), கேம், இலவச மென்பொருள் ஓடியதா? வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். தயவுசெய்து திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.


மல்லிகைப்பந்தல் | சனி, இரவு 9.35

கேட்டேன். பையன் ஒன்பதாவது படிக்கிறான். முதலில் இல்லை என்றான். பிறகு அழுதுகொண்டே சொன்னான். டிசம்பர் லீவில் ஒரு கார் ரேஸ் கேமை யூடியூப் வீடியோவின் கீழே இருந்த லிங்கிலிருந்து இறக்கியிருக்கிறான். ஜிப் ஃபைல், அதற்கு பாஸ்வேர்டு வேறு வீடியோவிலேயே கொடுத்திருந்தார்களாம். திறந்தால் கறுப்பாக ஒரு ஜன்னல் வந்து மறைந்தது, கேம் வரவில்லை, அதனால் அழித்துவிட்டேன் என்கிறான். திட்டவில்லை. ஆனால் கை நடுங்குகிறது. என் ஜிமெயில், பேங்க், மின்சார வாரியம், எல்லா பாஸ்வேர்டும் பிரவுசரில் சேமித்துத்தான் வைத்திருக்கிறேன்.


அகழி | சனி, இரவு 9.50

முதலில் அந்தக் கணினியின் நெட் வயரைக் கழற்றிவிடுங்கள். மற்றதை உங்கள் போனிலிருந்து செய்வோம். பயப்பட வேண்டாம், ஆனால் காலை வரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஜிப்புக்கு பாஸ்வேர்டு போடுவதே உள்ளே இருப்பதை ஸ்கேனர் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான். கறுப்பு ஜன்னல் வந்து மறைந்தது, கேம் வரவில்லை என்றால் அது தகவல் திருடி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்று வீட்டுக் கணினிகளில் நான் அதிகம் கவலைப்படுவது இந்த வகைக்குத்தான். பழைய வைரஸ் மாதிரி கணினியை மெதுவாக்காது, படத்தை அழிக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள் (நாம் உள்ளே நுழைந்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்), டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஓரிரு நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டு, தன்னையே அழித்துக்கொண்டு போவதும் உண்டு. அதனால் நாளைக்கு ஸ்கேன் செய்து ஒன்றுமில்லை என்று வந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஒரு கணக்கு. லும்மா என்ற ஒரே ஒரு திருடி, 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்தது. அதன் கட்டமைப்பை அந்த மே மாதம் பல நாட்டுப் போலீஸோடு சேர்ந்து முடக்கினார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. போனில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதைவிட முக்கியம், கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் என்ற பக்கத்துக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே வர முடியும், அந்தக் கதவை இதுதான் மூடும். அடுத்து பேங்க், இன்டர்நெட் பேங்கிங் பாஸ்வேர்டும் பரிவர்த்தனை பாஸ்வேர்டும். பணம் ஏதாவது போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும்.


மல்லிகைப்பந்தல் | சனி, இரவு 11.20

எல்லாம் மாற்றிவிட்டேன். பேங்கில் ஒன்றும் போகவில்லை, ஸ்டேட்மென்டை டிசம்பர் முதல் தேதியிலிருந்து வரி வரியாகப் பார்த்தேன். கூகுள் பக்கத்தில் எங்கள் கணினியும் என் போனும் மட்டும்தான் இருந்தன. ஷார்ஜாவுக்கும் போன் செய்து அவரையும் மாற்றச் சொல்லிவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.


வடபழனிவாசி | ஞாயிறு, காலை 8.30

மேடம் தப்பித்ததில் மகிழ்ச்சி. ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நல்ல ஒரு ஆன்டிவைரஸைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்த ஜிப்பை அன்றே பிடித்திருக்கும். அப்படியிருக்க, வாங்காதீர்கள் என்று சொல்வது சரியா?


நெல்லைச்சாரல் | ஞாயிறு, காலை 9.40

பிடிச்சிருக்கலாம் சார். ஆனா அந்த மாதிரி வீடியோ நானும் எத்தனையோ பார்த்திருக்கேன். முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, அது தப்பா காட்டும்"னுதான் இருக்கும். பதினாலு வயசுப் பையன் கேம் ஆசையில ஆஃப் பண்ணிடுவான். 850 ரூபாய் கொடுத்து வாங்கினதையும் ஆஃப் பண்ணிடுவான். எனக்கு எந்தக் கம்பெனி மேலயும் கோபம் இல்லை. அந்த வீட்டுல ஓட்டை எங்கே இருந்துச்சோ, அங்கே முதல்ல காசு போகணும்னு சொல்றேன்.

டிஃபெண்டரைப் பத்தி நிறையப் பேருக்குப் பழைய நினைப்பு இருக்கு. 2004 டிசம்பர்ல ஜயன்ட்னு ஒரு சின்னக் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கி, அதோட ஸ்பைவேர் தடுப்புக் கருவியைத்தான் டிஃபெண்டரா மாத்தினாங்க. விஸ்டாவுலயும் ஏழுலயும் அது ஸ்பைவேரை மட்டும்தான் பார்த்துச்சு. அப்போ நாங்களே அதை அணைச்சுட்டு வேற போடுவோம். 2012-ல விண்டோஸ் 8 வந்தப்பதான் முழு ஆன்டிவைரஸ் ஆச்சு. இன்னைக்கு ஜெர்மனியில ஏவி-டெஸ்ட்ங்கற ஆய்வகம் நடத்துற சோதனைகள்ல பாதுகாப்புக்கு பெரும்பாலும் முழுசா 6 மதிப்பெண் வாங்குது. காசு கொடுத்து வாங்கற முன்னணிச் சரக்குக்கும் அதுக்கும் வீட்டு உபயோகத்துல பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை.


வடபழனிவாசி | ஞாயிறு, காலை 10.15

அந்தச் சோதனைகளை நானும் படிக்கிறேன். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் அறிக்கையில் நெட் இல்லாதபோது எவ்வளவு பிடிக்கிறது என்று தனியாக ஒரு பத்தி இருக்கும். அங்கே டிஃபெண்டர் பின்தங்கித்தான் நிற்கும். நெட் கட்டான நேரத்தில் பென்டிரைவ் சொருகினால் என்ன ஆகும்?


நெல்லைச்சாரல் | ஞாயிறு, காலை 10.50

ஒத்துக்கறேன் சார், அது உண்மை. டிஃபெண்டர் பாதி மூளையை மைக்ரோசாஃப்ட் சர்வர்லதான் வெச்சிருக்கு. நெட்டே இல்லாம பென்டிரைவ்லயே ஓடுற கணினி, உதாரணத்துக்கு ஒரு ஸ்டூடியோ, ஒரு ஜெராக்ஸ் கடை, அங்கெல்லாம் நானே கே7-ஓ குவிக் ஹீலோ போட்டுக் கொடுத்திருக்கேன். அதே மாதிரி, வயசான அப்பா அம்மா மட்டும் இருக்கற வீடு, எதைக் கேட்டாலும் எஸ் அழுத்தறவங்க, அவங்களுக்கும் போன்ல கூப்பிட்டா பேசற ஒரு கம்பெனி இருக்கறது நல்லதுதான்.


அகழி | ஞாயிறு, காலை 11.30

இலவச ஆன்டிவைரஸ் பற்றி வடபழனிவாசி சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. அவாஸ்ட் தன் இலவசப் பயனர்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் அது வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லி, விளம்பரத்துக்காக அந்த விவரங்களை விற்கவும் தடை போட்டது. உளவு மென்பொருளைத் தடுக்கப் போட்டதே உளவு பார்த்தது என்றால் எங்கே போய் முறையிடுவது. ஆன்டிவைரஸ் என்பது நம் கணினியில் எல்லாவற்றையும் திறந்து பார்க்க நாமே கொடுக்கும் அதிகாரம். அதை எத்தனை பேருக்குக் கொடுக்கிறோம் என்பதில் கஞ்சத்தனம் வேண்டும். டிஃபெண்டரை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். விண்டோஸ் எழுதியவர்களை ஏற்கெனவே நம்பித்தான் ஆகவேண்டும், கூடுதலாக ஒருவரை உள்ளே விட வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு போதும். 14 நாள் சோதனைக்காலம் முடிந்ததும் அது பின்னணியில் ஓடாது, நாம் கூப்பிட்டால் மட்டும் தேடும். டிஃபெண்டரோடு மோதாது. பழையபதிப்பு ஐயா சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்துக்கு இன்றைக்குச் சரியான கருவி அதுதான். கணினிப் பாதுகாப்புக்கான நம் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் கே7, குவிக் ஹீல், இ-ஸ்கேன் கம்பெனிகளின் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.


பழையபதிப்பு | ஞாயிறு, மதியம் 12.10

தெளிவாகச் சொன்னீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அம்மா இப்போது அந்த எக்ஸ்க்ளூஷன் வரியை நீக்கி, ஒரு முழு ஸ்கேன் ஓட்டினால் முடிந்ததா? டிஸ்க்கையே அழித்து ஃபார்மட் செய்யவும் வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஃபார்மட் அடிப்பது கடைக்காரர்கள் பழக்கிவிட்ட சோம்பல் என்றே நினைத்திருந்தேன்.


நெல்லைச்சாரல் | ஞாயிறு, மதியம் 12.45

பல நேரம் சோம்பல்தான் ஐயா. பிரவுசர்ல ஒட்டிக்கிட்ட எக்ஸ்டென்ஷனுக்கெல்லாம் ஃபார்மட் தேவையே இல்லை, ஆட்வ்கிளீனர்ங்கற சின்னக் கருவி அஞ்சு நிமிஷத்துல எடுத்துடும். ஆனா இங்கே ஒரு வருஷம் காவல் இல்லாம இருந்திருக்கு, ஆக்டிவேட்டர் ஒண்ணு முழு அதிகாரத்தோட ஓடியிருக்கு, அதுக்கு மேல அந்த ஜிப். உள்ளே யாரு தங்கியிருக்காங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. அக்கா அதுல மறுபடி பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போறாங்க. சுத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போடறதுதான் சரி.

அக்கா, வரிசை சொல்றேன். முதல்ல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்க. ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கின ஆயிரத்தை அதுல போடுங்க, மேல கொஞ்சம் ஆகும், பரவாயில்லை. படம், வீடியோ, வேர்டு, பிடிஎஃப் மட்டும் அதுல எடுங்க. இன்ஸ்டால் பண்ற ஃபைல் ஒண்ணுகூட வேண்டாம். சுத்தமான வேற கணினியில மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து விண்டோஸ் 10-ஐ 8 ஜிபி பென்டிரைவ்ல இறக்குங்க. போடும்போது பழைய பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சுட்டு, காலியான இடத்துல போடுங்க. சாவி கேக்காது, மதர்போர்டுல இருந்து அதுவே எடுத்துக்கும்.


மதுரைப்பெங்குவின் | ஞாயிறு, பிற்பகல் 2.20

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லையே. 2016 செட் என்றால் அந்த பிராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுங்கள் அக்கா. யூடியூப் கேம் ஜிப்பெல்லாம் அதில் ஓடவே ஓடாது. என் அம்மா நாலு வருஷமாக அதில்தான் இருக்கிறார்.


மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, பிற்பகல் 3.00

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வருஷ வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் வேர்டில் கிடக்கின்றன. பங்குனிக்குள் பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு முடிக்க வேண்டும். இந்த நேரத்தில் புதிதாகப் பழக முடியுமா என்று பயம்.


மதுரைப்பெங்குவின் | ஞாயிறு, பிற்பகல் 3.15

தேர்வு முடியட்டும் அக்கா, அவசரமில்லை. பாமினி எழுத்துருவை, வேர்டுக்குப் பதில் அங்கே இருக்கும் லிப்ரே ஆபிஸிலும் போட்டுக்கொள்ளலாம். மே லீவில் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடாது.


அகழி | ஞாயிறு, மாலை 5.00

மதுரைப்பெங்குவின் நினைவுபடுத்தியது முக்கியம். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டிங்ஸை இணைத்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் பொத்தான் வரும். டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரையாவது வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள், விண்டோஸிலேயே ஓட்டை இருந்தால் வைரஸ் பட்டியல் அதை அடைக்காது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

ஹார்டு டிஸ்க் பற்றி நெல்லைச்சாரல் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு குடும்பம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்ய ஒரு மென்பொருளின் கிராக்கை இறக்கினார்கள். விண்டோஸ் அப்டேட் ஆவது போல ஒரு ஜன்னல், சதவீதம் ஏறிக்கொண்டே போனது. அவர்களும் அப்டேட்தான் என்று காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் பின்னால் ஒவ்வொரு படமும் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லப்படும் ரேன்சம்வேர் அது. 980 டாலர் கேட்டது, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் கம்பெனி பழைய வகைகளுக்கு இலவசமாகத் திறப்புக் கருவி கொடுத்தது, இவர்களுக்கு வந்ததோ புதிய வகை. பேக்கப் டிஸ்க் இருந்தது. ஆனால் அது எப்போதும் கணினியிலேயே சொருகியிருந்தது, அதுவும் போனது. அந்த அம்மா படங்களின் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பேக்கப் எடுத்ததும் வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள் அக்கா.


மல்லிகைப்பந்தல் | வெள்ளி, 16 ஜனவரி 2026, இரவு 8.45

பொங்கல் லீவில் முடித்துவிட்டேன். என் கூடப்பிறந்த தம்பி வீட்டு லேப்டாப்பில் பென்டிரைவ் தயார் செய்தோம். சாவி கேட்கவில்லை, ஹோமா புரோவா என்றும் கேட்கவில்லை. நெட் வயரைச் சொருகிய சிறிது நேரத்தில் ஆக்டிவேஷன் பக்கத்தில் ஹோம், டிஜிட்டல் லைசென்ஸ் என்று வந்தது. நீட்டிப்புத் திட்டத்திலும் சேர்ந்தாயிற்று. எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கம் காலியாக இருக்கிறது. அந்தக் காலிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பாஸ்வேர்டுகளை இனி பிரவுசரில் வைக்கவில்லை, பேங்குடையதை மட்டும் நோட்டில் எழுதி நகைப்பெட்டியில் வைத்தேன். படங்கள் டிஸ்க்கில், டிஸ்க் பீரோவில்.

கடைக்குப் போய் பில்லைக் காட்டிக் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம் மேடம்" என்றார்கள். எல்லாருக்கும் என்றால் எங்கள் தெருவில் எத்தனை வீடு என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் டியூஷன் பிள்ளைகளிடம் அந்த எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கணினி இருக்கும் ஆறு வீட்டில் நாலு வீட்டில் அதே ஒற்றை வரி.

வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?


நெல்லைச்சாரல் | வெள்ளி, இரவு 9.30

அருமையாப் பண்ணியிருக்கீங்க அக்கா. அந்த நாலு வீட்டுக்காரங்களையும் இந்த இழையைப் படிக்கச் சொல்லுங்க, இங்கேயே கேக்கட்டும்.

மிச்சம் கொஞ்சம்தான். உங்க பையனுக்குத் தனிக் கணக்கு போட்டு அதை ஸ்டாண்டர்டா வைங்க, அட்மின் பாஸ்வேர்டு உங்க கையில இருக்கட்டும். எதையாவது நிறுவணும்னா அவன் உங்களைக் கூப்பிட்டாகணும். விண்டோஸ் செக்யூரிட்டியில டேம்பர் புரொடக்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, டிஃபெண்டர் செட்டிங்ஸை வேற புரோகிராம் மாத்தாம அது தடுக்கும். ரெபுடேஷன் பேஸ்டு புரொடக்ஷன்ல எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க, பாதி ஸ்பைவேர் அங்கேயே நின்னுடும். ஃபோல்டர்ல ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியற மாதிரி வைங்க, பிடிஎஃப்னு பேர் வெச்சுக்கிட்டு வாலுல இஎக்ஸ்இ ஒளிஞ்சிருக்கறது அப்பதான் தெரியும். கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆன் பண்ணினா உங்க படத்தை மத்த புரோகிராம் தொட முடியாது. ஆனா சில நல்ல மென்பொருளையும் அது தடுக்கும், தொல்லையா இருந்தா விட்டுடுங்க. பிரவுசர்ல விளம்பரத்தைத் தடுக்கற யூபிளாக் ஆரிஜின் போடுங்க. ஃபயர்பாக்ஸ்ல முழுசா வேலை செய்யும், குரோம்ல இப்போ அதோட லைட்ங்கற குறைஞ்ச வடிவம் மட்டும்தான்.


அகழி | வெள்ளி, இரவு 9.55

பையனிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு பேஸ்ட் செய்து என்டர் கொடு என்று ஒரு பக்கம் கேட்டால், அது திருடனுக்குத் தன் கையாலேயே கதவைத் திறந்துவிடும் வேலை. உண்மையான எந்தத் தளமும் அப்படிக் கேட்காது. லும்மா பரவிய வழிகளில் இதுவும் ஒன்று.


மல்லிகைப்பந்தல் | சனி, 17 ஜனவரி 2026, காலை 7.10

சொல்லிவிட்டேன், அவனே ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறான். ஒரு கடைசிச் சந்தேகம். வினாத்தாள் பிரின்ட் எடுக்க பென்டிரைவைத்தான் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவேன். திரும்பி வந்தால் சில நாள் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும்.


நெல்லைச்சாரல் | சனி, காலை 7.40

ஃபோல்டர் எங்கேயும் போயிருக்காது அக்கா, உண்மையானதை மறைச்சுட்டு அதே பேர்ல போலியா ஒண்ணு வெச்சிருக்கும். அதைக் கிளிக் பண்ணினாத்தான் உள்ளே ஏறும். அப்படித் தெரிஞ்சா எதையும் தொடாம, பென்டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி டிஃபெண்டர் ஸ்கேன் கொடுங்க. முடிஞ்சா அந்தக் கடைக்குப் பிடிஎஃப்பா மெயில்ல அனுப்பிடுங்க.


மல்லிகைப்பந்தல் | சனி, காலை 7.50

பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு ஒன்றை இப்போதே கடைக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். ஒன்பது மணிக்குப் போய் நாற்பது பிரதி வாங்கி வரவேண்டும்.